கால்வாசி டிவிக்காகக் கால்வாசிப் படமா?

(தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'வீட்டு டிவியில் சினிமா பார்க்கச் சிறந்தது திரை நிறையவா, எடுத்த அளவிலா?' 'எடுத்த அளவில்' அணிக்காக நான் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, நான் மைக்கைத் தொட்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்ட எதிரணித் தலைவி அக்கா அவர்களே, பொங்கல் பானையை அடுப்புல விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குத் தொழில் டிவி ரிப்பேர். அதுக்கு முன்னாடி, மீசை முளைக்காத வயசுல, இந்தப் பக்கத்துல இருந்த ஒரு தியேட்டர்ல ஆபரேட்டருக்குக் கையாள். தியேட்டர் பேர் வேணாம், இப்ப அது இல்லை. நம்ம அகஸ்தியாவே 2020ல மூடிட்டாங்க, மத்ததைப் பத்திப் பேசி என்ன பண்ண? ஆக, பெரிய திரையில படம் காட்டினவனும் நான்தான், சின்னத் திரையைச் சுவத்துல மாட்டுறவனும் நான்தான். ரெண்டு பக்கமும் உப்பு தின்னவன் பேசுறேன்.

அக்கா என்ன சொன்னாங்க? "வட்டி கட்டி 43 இன்ச் டிவி வாங்கினேன். படம் போட்டா மேலயும் கீழயும் கறுப்பா பட்டை. கால்வாசி டிவி சும்மா கிடக்கு. ரிமோட்ல ஜூம் அமுக்கினா நிறைஞ்சு நிக்குது. காசு என்னுது, டிவி என்னுது, உனக்கென்ன?"ன்னு கேட்டாங்க. கைதட்டல் பலமா விழுந்துச்சு. நானும் தட்டினேன். நல்லா பேசுறவங்களுக்குத் தட்டணும்.

இப்பக் கணக்குக்கு வருவோம். டேப் வச்சு நானே அளந்தது. 43 இன்ச் டிவின்னா குறுக்கே மூலைக்கு மூலை 43. அகலம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், உயரம் 53. அந்த வடிவத்துக்கு 16:9ன்னு பேர். இன்னைக்கு வர்ற பெரிய படங்கள் பாதிக்கு மேல ஸ்கோப். உயரம் ஒண்ணுன்னா அகலம் 2.39. 95 அகலத்துல அதைப் போட்டா உயரம் 40தான் வரும். மேல ஒரு ஏழு, கீழ ஒரு ஏழு கறுப்பு. அக்கா சொன்ன கால்வாசி சரிதான், மறுக்கல.

ஜூம் அமுக்கினதும் என்ன ஆகுது? அந்த நாற்பதை 53 ஆக்கணும். உயரம் ஏறினா அகலமும் கூடவே ஏறும். 95 அகலம் 128 ஆயிடும். ஆனா டிவி 95தானே? மிச்சம் 33 சென்டிமீட்டர் எங்க போச்சு? சுவத்துக்குள்ளயா போச்சு? இடப்பக்கம் பதினாறு, வலப்பக்கம் பதினாறு, அறுத்துக் கீழ போட்டாச்சு. கால்வாசிப் படம். கால்வாசி டிவி வீணாப் போவக்கூடாதுன்னு கால்வாசிப் படத்தை வீணாக்கிட்டு, "நிறைஞ்சு நிக்குது"ன்னா எப்படிக்கா?

காசிமேட்டுல வஞ்சிரம் வாங்குறோம். தலையோடதான் எடை போடுறாங்க. வெட்டுறவங்க தலையை ஓரமா ஒதுக்கினா விடுவோமா? "இன்னாமா, தலை எங்க?"ன்னு கேட்டு, பையில போட்டாதான் நகருவோம். அந்தத் தலைக்குன்னே தனிக் குழம்பு. மீன் தலையை விடாத ஊரு, வீட்டுக்கு வந்து சிவாஜி தலையை விடுது!

சிவாஜி தலைன்னு சும்மா சொல்லல. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னொரு வடிவம். உயரமும் அகலமும் கிட்டத்தட்ட 3க்கு 4. 'பராசக்தி' வந்த 1952ல உலகத்துலயே அநேகமா அந்த அளவுதான். அதை இன்னைக்கு டிவியில போட்டா பட்டை மேல கீழ வராது, ரெண்டு பக்கமும் வரும். ஜூம் போட்டா மேலயும் கீழயும் போகும். கோர்ட்டு கூண்டுல நிக்கிறாரு, நெத்தி இல்ல. பேசுற வாய் மட்டும் இருக்கு.

அதுக்கு ஒரு வீட்ல என்கிட்ட பதில் சொன்னாங்க, "ஜூம் வேணாம், இழுத்து விடு"ன்னு. இழுத்தா தலை போகாது, ஆனா எல்லாரும் மூணுல ஒரு பங்கு குண்டாயிடுவாங்க. நான் டிவி மாட்டினதும் முதல்ல பார்க்கிறது படத்தோட கலரை இல்லை. வட்டத்தைத் தேடுவேன். வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், ஒண்ணும் இல்லேன்னா அம்மா வேஷக்காரங்க நெத்திப் பொட்டு. பொட்டு முட்டையா இருந்தா ரிமோட்டைக் கையில எடுப்பேன்.

கொருக்குப்பேட்டையில ஒரு வீடு. புது டிவி மாட்டப் போனேன். கேபிள் செட்டாப் பாக்ஸ் மட்டும் பழசு. அந்த பாக்ஸ்ல அளவு 4:3லயே கிடக்கு, பல வருசமா. பாக்ஸ் ரெண்டு ஓரத்தையும் வெட்டி அனுப்புது, டிவி மிச்சத்தை இழுத்து நிரப்புது. அதாவது வெட்டும் உண்டு, வீக்கமும் உண்டு. மெனுவுக்குள்ள போய் பாக்ஸை 16:9க்கு மாத்தினேன். சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த வீட்டு ஆயா கிட்ட வந்து உத்துப் பார்த்தாங்க. "ஏம்ப்பா, இந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நேத்து நல்லாதான இருந்துச்சு, இப்படி எளைச்சுப் போச்சே"ன்னாங்க. வீட்ல யாரும் சிரிக்கல. நிஜமாவே கவலைப்பட்டாங்க. நான் சுருதி இறங்கி, "ஆயா, இத்தனை வருசமா அதுக்கு வீக்கம், இன்னைக்குதான் இறங்குச்சு"ன்னேன்.

சரி, இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்தது? அதுல ஒரு நியாயம் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி, இங்க உட்கார்ந்திருக்கிற எத்தனையோ வீட்டுக்கு வந்துச்சு. அதுவும் 4:3 வடிவம். அதுல ஸ்கோப் படத்தை முழுசாப் போட்டா பாதிக்குக் கொஞ்சம் கம்மி கறுப்பு. படம்னு மிஞ்சினது 12 சென்டிமீட்டர் உயரம், ரிப்பன் மாதிரி. பத்துக்குப் பத்து ரூம்ல அந்த மூலையிலேருந்து பார்த்தா ஹீரோவும் எறும்பு, வில்லனும் எறும்பு. அன்னைக்கு வெட்டிக் காட்டினா நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா இன்னைக்கு? அந்த 14 இன்ச் டிவியோட மொத்த உயரமே 21 சென்டிமீட்டர். இப்ப உங்க வீட்ல பட்டையெல்லாம் போக மிச்சம் இருக்கிற வெறும் படமே 40. பழைய டிவி ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின உயரம், ஏறக்குறைய! ரூம் அதே ரூம்தான், சுவர் தள்ளிப் போகல. வியாதி போயிடுச்சு, மருந்தை மட்டும் இன்னும் குடிச்சுக்கிட்டிருக்கோம்.

நடுவர் ஐயா, இந்த ஸ்கோப் எதுக்காக வந்ததுன்னு தெரிஞ்சா அக்காவே நம்ம பக்கம் வந்துடுவாங்க. அமெரிக்காவுல 1950கள்ல வீட்டுக்கு வீடு டிவி வந்து தியேட்டர் காத்து வாங்குச்சு. டிவியால காட்ட முடியாத ஒண்ணைக் காட்டணும்னு 1953ல 'தி ரோப்' படத்தோட சினிமாஸ்கோப்பைக் கொண்டாந்தாங்க. 1959ல இந்திக்கு வந்துச்சு, குருதத் எடுத்தார். தமிழுக்கு 1973, 'ராஜராஜ சோழன்'. டிவிக்குள்ள அடங்கக் கூடாதுன்னே அகலமாக்கின படத்தை, டிவிக்குள்ள அடைக்கணும்னு அறுக்கிறோம். இந்த 16:9 இருக்கே, அதுவே பழைய சதுரத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல பேசி முடிச்ச சம்பந்தம். ரெண்டு வீட்டாரும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாதான் கல்யாணம் நடக்கும். அந்தப் பட்டை, விட்டுக் கொடுத்த இடம்.

கேபின்ல நான் ஃபிலிம் துண்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்திருக்கேன். ஸ்கோப் ஃபிலிம்ல ஆள் எல்லாம் ஊதுபத்தி மாதிரி இருப்பாங்க. பாதி அகலத்துக்கு நசுக்கி வச்சிருக்கும். மெஷின் முன்னாடி ஸ்கோப் லென்ஸ் மாட்டினா அது ரெண்டு மடங்கா விரிச்சுக் காட்டும். நியூஸ் ரீல் சாதா அளவு, விளம்பரம் சாதா அளவு. படம் தொடங்கும்போதுதான் லென்ஸ் மாத்தணும். அப்பத் திரைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கறுப்புத் துணி மெல்ல விலகும். திரை அகலமாகும். அந்தத் துணி நகர ஆரம்பிச்சதுமே விசில்! ஹீரோ இன்னும் வரல, பேர் கூட வரல, துணி நகர்ந்ததுக்கு விசில்!

ஒரு நாள் பகல் ஆட்டம். ஆபரேட்டர் அண்ணன் டீ குடிக்கப் போயிட்டார். நான் லென்ஸை மாத்த மறந்துட்டேன். ஹீரோ வர்றாரு, ஆறடி ஆளு பன்னண்டு அடிக்கு நெட்டையா, இடுப்பு ஒரு சாண். தரை டிக்கெட்லேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. "டேய் ஆபரேட்டர்"ல ஆரம்பிச்சு, பாக்கியை இந்த மேடையில சொல்ல முடியாது, தாய்மார்கள் இருக்காங்க. சீட்டைத் தட்டுறான், கதவைத் தட்டுறான். கேபின் சுவத்துல ஒரு செருப்பு வந்து விழுந்துச்சு. ஒத்தைச் செருப்பு. அரை நிமிசத்துல லென்ஸை மாத்தினேன். கை நடுங்குச்சு.

அந்தச் செருப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவன் மூட்டை தூக்கிச் சம்பாதிச்ச காசுல டிக்கெட் எடுத்தவன். 4:3ம் தெரியாது, 2.39ம் தெரியாது. ஆனா "எனக்கு முழுசாக் காட்டு, சரியாக் காட்டு"ன்னு கேட்டான். அவன் புள்ளைங்கதான் இன்னைக்கு வீட்ல சோபாவுல சாய்ஞ்சு, தானே ரிமோட்டை எடுத்துத் தானே அறுக்குது. அன்னைக்கு ஆபரேட்டருக்கு விழுந்த செருப்பு இன்னைக்கு யாருக்கு விழணும்கிறதை நடுவர் ஐயா தீர்ப்புல சொல்லட்டும்.

2021ல 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கு வராம நேரா வீட்டுக்கு வந்துச்சு. நம்ம ஊரு குத்துச்சண்டைக் கதை, நம்ம தெருவுல பார்க்காத வீடு இல்ல. ஒரு வீட்ல ஜூம் போட்டு ஓடுது. குத்து விழுது, சத்தம் கேட்குது, வாங்கினவன் முகம் தெரியுது. குத்தினவன் கை பாதிதான் திரையில, ஆள் சுவத்துல! ரிங் மூலையில நிக்கிற வாத்தியாரைக் காணோம். சண்டையில பாதி அந்த மூலையிலதானே நடக்குது? கேரம் போர்டு ஸ்டூலை விட்டு நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு ரெண்டு ஓரத்தை அறுத்துட்டு ஆடச் சொல்ற மாதிரி. காயினை எங்கே போடுறது? பாக்கெட் போயிடுச்சே.

இன்னும் ஒண்ணு. சில இங்கிலீஷ் படங்கள்ல பட்டை தானா மறையும், கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா வரும். டிவி ரிப்பேர்னு எனக்கு போன் வரும். ரிப்பேர் இல்லீங்க, அந்தக் காட்சியை மட்டும் ஐமேக்ஸ் கேமராவுல உயரமா எடுத்திருக்காங்க. கறுப்புத் துணி விலகினப்போ விசில் அடிச்சோமே, அதே வேலையைத்தான் வீட்ல பண்ணப் பார்க்கிறாங்க. ஜூம்லயே வச்சிருந்தா உங்களுக்கு அந்த விசில் கிடையாது.

எதிரணித் தம்பி ஒருத்தர், "சேனல்காரனே வெட்டித்தான் போடுறான்"ன்னார். நிறைய நேரம் உண்மைதான். அவன் வெட்டினதை நீங்க மறுபடி வெட்டணும்னு என்ன வேண்டுதல்? கரண்ட் வீண்ன்னு இன்னொருத்தர். சாதா எல்.இ.டி. டிவியில பின்னாடி விளக்கு எப்படியும் எரியுது, விடுங்க.

என் வீட்லயே எங்கம்மா ஜூம்லதான் பார்க்கிறாங்க. கண்ணுல புரை, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு. அவங்களுக்கு ஓரம் முக்கியமில்ல, முகம் தெரியணும். நான் ரிமோட்டைத் தொடுறதில்ல. அது தேவை. கண்ணு நல்லா இருக்கிற அக்காவுக்கு அது ஆசை. தலைப்பு 'சிறந்தது எது'ன்னுதான் இருக்கு.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே ஒரு நிமிசம் ஐயா. எல்லாரும் எனக்குப் பின்னாடி இருக்கிற பேனரைப் பாருங்க. பேனரை இருபது அடிக்கு அடிச்சுட்டாங்க, மேடை பதினஞ்சு அடி. என்ன பண்ணாங்க? ரெண்டு ஓரத்தையும் மடிச்சுக் கட்டிட்டாங்க. மேடை நிறைஞ்சு நிக்குது, பார்க்கவும் நல்லாதான் இருக்கு. நடுவர் படம் நடுவுல, பத்திரமா இருக்கு. இடது ஓரம் ஒரு மடிப்பு தெரியுதா? அதுக்குள்ளதான் எதிரணித் தலைவி அக்கா இருக்காங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்ததும் பேனர் கட்டின பசங்ககிட்ட அவங்க சண்டை போட்டது எனக்குக் கேட்டுச்சு. "மேல கீழ இடம் விட்டு, சின்னதா முழுசா அடிச்சிருக்கலாம்ல, என்னை ஏன்டா மடிச்சீங்க?"

அக்கா, அதே கேள்விதான். நன்றி, வணக்கம்.