காட்டை மாற்றியது குளிரா, ஊரா?

வணக்கம்.

இன்று ஏரிச் சேற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். நம்மிடம் ஏரிச் சேறு என்றால் வண்டல். கோடையில் வாரி வயலில் அடிப்போம், மிஞ்சியதைக் கரையில் கொட்டுவோம். நல்ல காரியம்தான். ஆனால் பழங்காலத்து மழையையும் குளிரையும் மண்ணில் தேடுகிறவர்களுக்கு நம் ஊர் ஏரி அவ்வளவாக உதவாது. ஆழம் குறைவு, வற்றும், வெடிக்கும், மாடு இறங்கும், மண்வெட்டி இறங்கும். போன வருஷத்து மண்ணும் தாத்தா காலத்து மண்ணும் ஒன்றாகக் கலந்துபோகும். அவர்களுக்கு வேண்டியது யாரும் கிளறாத சேறு.

அப்படி ஒரு சேறு கனடாவில் இருக்கிறது. ஒண்டாரியோ மாகாணத்தில், மில்டன் நகருக்குப் பக்கத்தில், கிராஃபோர்டு ஏரி. டொராண்டோவிலிருந்து காரில் எளிதாகப் போய்வரலாம். அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது பாருங்கள். ஏரியைச் சுற்றிப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

பரப்பளவு வெறும் 2.4 ஹெக்டேர். நம் கணக்கில் ஆறு ஏக்கர். ஆனால் ஆழம் சுமார் 24 மீட்டர். சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்வாங்கிய குழி அது. இவ்வளவு சின்ன வாயும் இவ்வளவு ஆழமும் இருந்தால் காற்று மேல்நீரைத்தான் அசைக்கும். அடிநீர் அதோடு கலக்காது. அடிச்சேற்றைக் குடைந்து கலைக்கும் புழுக்களும் அங்கே இல்லை. விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது.

என்ன விழுகிறது? வெயில் காலத்தில் நீர் சூடாகிறது, பாசி பெருகுகிறது, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைத் துகளாகப் பிரிந்து அடியில் படிகிறது. இலையுதிர் காலம் வந்ததும் செத்த பாசியும் மட்கிய இலைத்தூளும் கறுப்பாகப் படிகின்றன. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு: ஒரு வருஷம். மேலிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். இந்த ஏரிக்கு எண்ணுவதுதான் பாதுகாப்பான வழி. சுண்ணாம்புப் பாறையின் கார்பன் பல கோடி ஆண்டு பழையது. அது நீரில் கரைந்து பாசிக்குள் போவதால், மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை வைத்து வயது சொல்லும் ரேடியோ கார்பன் முறையில் சேற்றின் வயதைக் கேட்டால் உண்மையைவிட அதிகமாகச் சொல்லிவிடும்.

இந்தச் சேற்றை எடுக்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணக் குழாயை இறக்கினால் மேல்பகுதி கஞ்சியாகக் கலங்கிவிடும். அதனால் ஓர் உலோகப் பெட்டிக்குள் உலர்பனியையும் (உறைந்த கரியமில வாயு) ஆல்கஹாலையும் நிரப்பி மெதுவாகச் சேற்றுக்குள் இறக்குகிறார்கள். உலர்பனியின் குளிர் மைனஸ் 78 டிகிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த எவர்சில்வர் தட்டில் ஈர விரல் ஒட்டிக்கொள்ளும் பாருங்கள், அப்படிச் சேறு வரிவரியாகப் பெட்டியின் முகத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மேலே தூக்கித் துடைத்தால் கோடுகள் கண்ணுக்கே தெரியும்.

1970-களின் தொடக்கத்தில் ஜான் மெக்கேண்ட்ரூஸ் என்ற தாவரவியலாளரும் அவருடைய குழுவும் இந்தச் சேற்றில் மகரந்தம் எண்ணினார்கள். மகரந்தத்தூளின் மேல் ஓடு அசாத்தியக் கெட்டி. சேற்றை ஒரு அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போகும், இன்னொரு அமிலத்தில் மணல் போகும். மகரந்த ஓடு மட்டும் அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் வைத்து இது பைன், இது ஓக், இது புல் என்று நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டும். கண் வலிக்கிற வேலை. எண்ணும்போது, வெள்ளைக்காரர் அங்கே குடியேறுவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய அடுக்குகளில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்தது.

மக்காச்சோள மகரந்தம் பெரியது, ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. பைன் மகரந்தம்போல நூறு கிலோமீட்டர் பறக்காது. செடிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். அப்படியானால் பக்கத்தில் சோளக்கொல்லை இருந்திருக்க வேண்டும், கொல்லை இருந்தால் ஊர் இருந்திருக்க வேண்டும். தொல்லியலாளர்கள் தேடிப்போனார்கள். இரோக்வாய் மொழிக் குடும்பத்துப் பழங்குடி மக்களின் ஊர் ஒன்று அகப்பட்டது. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகள். அவற்றில் சிலவற்றை இப்போது அதே இடத்தில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்கு எண்ணிக்கைப்படி 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை அங்கே விவசாயம் நடந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உங்களுக்கே தோன்றியிருக்கும். பறக்காத மகரந்தம் ஏரி நடுவுக்கு எப்படி வந்தது? 2007-இல் மெக்கேண்ட்ரூஸும் சார்லஸ் டர்ட்டனும் ஒரு பதில் சொன்னார்கள்: வாத்து. கனடா வாத்துகள் பகலில் கொல்லையில் மேயும், இரவில் ஏரியில் தங்கும், எச்சம் போடும். எச்சத்தோடு மகரந்தமும் நேரே அடிக்குப் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் இந்த வாத்துகளை எத்தனை முறை திட்டியிருப்பார்களோ தெரியாது; நமக்கு அவை செய்தது பெரிய உபகாரம்.

இன்னொன்று, நம் பருப்புக்கீரை. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது ஐரோப்பியர்தான் என்று வெகுநாள் நம்பினார்கள். இந்த ஏரியில் கொலம்பஸுக்கு முந்தைய அடுக்குகளில் அதன் விதையும் மகரந்தமும் கிடைத்தன. 1975-இல் நேச்சர் இதழில் வந்தது. கொத்திப்போட்ட கொல்லை மண்ணில் எங்கும் முளைக்கிற கீரை அது. ஊர் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சரி, ஊர் இருந்தது. அது என்ன செய்தது? ஏரி நீரை மாற்றியது, இதில் சந்தேகம் குறைவு. டையாட்டம் என்ற நுண்பாசிக்குக் கண்ணாடி ஓடு உண்டு; ஓட்டின் வடிவத்தைப் பார்த்தே இனம் சொல்லலாம், இனத்தைப் பார்த்து நீரில் உரச்சத்து எவ்வளவு என்று சொல்லலாம். 2004-இல் எரிக் எக்டாலும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இது: விவசாயம் தொடங்கியதும் நீரில் சத்து ஏறியது, பாசிக் கூட்டமே மாறியது. ஊர் காலியான பிறகும் ஏரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இயந்திரமோ ரசாயன உரமோ இல்லாத, சில நூறு பேர் வாழ்ந்த ஊர் அது. பழங்குடிகள் இயற்கையைத் தொடாமல் வாழ்ந்தார்கள் என்று மேடையில் அடிக்கடி கேட்கிறோம்; அவர்களைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொல்கிறோம். தொட்டார்கள், வாழ்ந்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சண்டை வந்தது காட்டை வைத்து. அதே நூற்றாண்டுகளில் ஏரியைச் சுற்றியிருந்த பீச், மேப்பிள் மரக்காடு குறைந்து, முதலில் ஓக் கூடியது, அப்புறம் வெள்ளை பைன் கூடியது. மகரந்தத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. யார் காரணம்? அதே காலத்தில்தான் குட்டிப் பனியுகம் என்று சொல்லும் குளிரும் வந்தது. 1993-இல் இயன் கேம்பெல்லும் மெக்கேண்ட்ரூஸும் கணினியில் ஒரு காட்டை வளர்த்துப் பார்த்து, குளிர் ஒன்றே இந்த மாற்றத்துக்குப் போதும் என்றார்கள். கவனியுங்கள், ஊரைக் கண்டுபிடிக்க வழி காட்டியவரே காட்டை மாற்றியது ஊர் அல்ல என்கிறார். இரண்டு வருஷம் கழித்து ஜேம்ஸ் கிளார்க்கும் டேனியல் ராயலும் அதே ஏரியின் சேற்றில் கரித்துகள்களை எண்ணினார்கள். ஊர் இருந்த காலத்தில் கரி கூடியிருந்தது. மக்கள் தீ வைத்தார்கள், மெல்லிய பட்டை கொண்ட பீச் செத்தது, வெளிச்சம் கேட்கிற ஓக்கும் பைனும் வந்தன என்பது அவர்கள் வாதம். உடனே மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு.

இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே சேறு என்பதுதான் இதில் சுவாரசியம். கரி கூடினால் காடு எரிந்தது என்று மட்டும் பொருளில்லை. நீண்ட வீடுகளில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்! அந்தக் கரியும் ஏரிக்குத்தான் வரும். கணினிக் காடும் நாம் ஊட்டும் எண்ணிக்கையைத்தான் திருப்பித் தரும். என் கணிப்பைக் கேட்டால், ஏரியைச் சுற்றி நடந்ததில் ஊரின் பங்கு பெரிது, மாகாணம் முழுக்கப் பார்த்தால் குளிரின் பங்கு பெரிது. இதைச் சோதிக்க ஓர் ஏரி போதாது. ஊர் பக்கத்தில் இருந்த ஏரிகளையும் ஊரே இல்லாத ஏரிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பைன் கூடினால் குளிர். ஊர்ப் பக்கத்தில் மட்டும் கூடினால் கோடாலியும் தீயும்.

பத்திரிகைகளில் இந்த ஏரி அடிபட்டது வேறு காரணத்துக்காக. மனித யுகம் என்று புவியியலில் ஒரு தனி யுகத்தைத் தொடங்கலாமா என்ற விவாதத்தில், அதற்கு அடையாள இடமாக 2023 ஜூலையில் இந்த ஏரியை முன்மொழிந்தார்கள். 1950-களின் அடுக்குகளில் அணுகுண்டுச் சோதனைகளின் புளூட்டோனியம் இருக்கிறது, நிலக்கரி எரிந்த நுண்ணிய உருண்டைத் துகள்களும் இருக்கின்றன. 2024 மார்ச்சில், இதை முடிவுசெய்யும் புவியியலாளர் துணை ஆணையத்தின் வாக்கெடுப்பில் அது தோற்றது. ஆதரவு 4, எதிர்ப்பு 12. சேற்றில் புளூட்டோனியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு யுகத்துக்குக் கோடு கிழிக்க எழுபது வருஷம் போதுமா என்பதுதான் தகராறு. எனக்கு இதைவிட அந்த பைன் மரத் தகராறுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் அதே கேள்வி நம் நீலகிரியிலும் இருக்கிறது. அங்கே ஏரிக்குப் பதில் சதுப்பு. பள்ளங்களில் செடி கொடி முழுதாக மக்காமல் கருமண்ணாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. புல்வெளி நடுவே சோலைக்காடு என்ற அந்த அமைப்பு இயற்கையா, மனிதர் காட்டை எரித்து உண்டாக்கியதா? வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அதில் சீகை மரத்தையும் கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸையும் நட்டார்கள். 1993-இல் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் சாண்டிநல்லா பக்கத்துக் கருமண்ணில் கார்பனை அளந்தார்கள். வெப்பநாட்டுப் புல்லில் கனமான கார்பன்-13 மரத்தில் உள்ளதைவிடச் சற்று அதிகம். அதை வைத்து எந்தக் காலத்தில் புல் கூடுதல், எந்தக் காலத்தில் மரம் கூடுதல் என்று சொல்லலாம். புல்லின் தடயம் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. அப்போது அந்த மலையில் உழவும் இல்லை, எருமைப் பட்டியும் இல்லை. தரிசு என்ற வாதம் அங்கேயே விழுந்தது.

ஆனால் முழுக்க முடிந்துவிடவில்லை. மழை குறைந்தாலும் அந்தப் புல் கூடும், காற்றில் கரியமில வாயு குறைந்தாலும் கூடும். பனியுகத்தில் வாயு குறைவாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் மேய்ச்சலுக்கு வைத்த தீ புல்வெளியை எவ்வளவு அகலப்படுத்தியது என்பதற்கு மகரந்தமும் கரியும் அடுக்கடுக்காக எண்ணப்பட வேண்டும். இங்கே கிராஃபோர்டுபோல வெள்ளைக்கோடும் கறுப்புக்கோடும் கிடையாது. ஒரு சென்டிமீட்டர் கருமண்ணில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கும். இன்ன வருஷம் இன்ன தீ என்று சொல்ல முடியாது, இன்ன நூற்றாண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.