பச்சைத் தண்ணீரைக் கொட்டாமலே நீச்சல் குளத்தை மீட்பது எப்படி?

வணக்கம். பின்னால் கேட்கும் சத்தம் பம்ப். இன்று காலையில்தான் அதற்கு உயிர் வந்தது. நான் நிற்பது சிட்னியில், வென்ட்வொர்த்வில் பக்கம், அக்கா வீட்டுக் கொல்லைப்புறம். எனக்குப் பின்னால் தெரிகிறதே, அது புல்தரை இல்லை. ஸ்விம்மிங் பூல், நீச்சல் குளம். அக்காவும் மாமாவும் வீட்டை வாங்கும்போதே இது இப்படித்தான் இருந்தது. குளிர்காலம் முழுக்க யாரும் பம்ப் போடவில்லை. இப்போது செப்டம்பர், வெயில் ஏறுகிறது, பாசிக்குக் கொண்டாட்டம்.

மாமாவுக்கு முதலில் தோன்றிய யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் பூலை மண்ணுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது பூலைக் காலி செய்தால், அந்த நீர் அடியிலிருந்து தள்ளும். கான்கிரீட் பூலே விரிசல் விட்டு மேலே எழும்பிவிடலாம். ஃபைபர்கிளாஸ் என்றால் இன்னும் சுலபமாக எழும்பும். அதனால் இந்தத் தண்ணீரையே சரி செய்யப்போகிறோம்.

குளோரின் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. தண்ணீருக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சிட்னியில் இப்படிக் கிடக்கும் பூல்களில் ஸ்ட்ரைப்டு மார்ஷ் ஃப்ராக் என்ற தவளை முட்டையிடும். சோப்பு நுரை மாதிரி மிதக்கும், அதுதான் முட்டை. இரவில் 'டொக், டொக்' என்று டென்னிஸ் பந்து அடிப்பதுபோல் சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நியூ சவுத் வேல்ஸில் உள்நாட்டுத் தவளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தலைப்பிரட்டை கண்ணில் பட்டால் வனவிலங்கு மீட்புக் குழுவைக் கேட்டுவிட்டு மேலே போங்கள். நாங்கள் வலை போட்டுப் பார்த்தோம். வந்தது இதுதான், கிட்டே காட்டுகிறேன். நெளிகிறதா? எல்லாம் கொசுப்புழு.

இதை அருவருப்போடு விட்டுவிடாதீர்கள். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். 2007இல் அங்கே நிறைய பேர் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தார்கள், கவனிப்பில்லாத பூல்கள் பெருகின. அந்தக் கோடையில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் பாதிப்பு 276 சதவீதம் கூடியது. இந்தப் பூல்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு கொல்லைப்புறக் குட்டை தெருவுக்கே பிரச்சினை ஆகலாம்.

சரி, இலையெல்லாம் அள்ளியாயிற்று. அடியில் இன்னும் கொஞ்சம் சேறு இருக்கிறது, தெரியவில்லை. வலையைக் குருட்டாம்போக்கில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இலையை விட்டுவைத்தால் நாம் ஊற்றும் குளோரினை அது தின்றுவிடும்.

அடுத்தது பரிசோதனை. கடையில் ஆல்ஜிசைட் என்ற பாசிக்கொல்லி பாட்டிலையும், பாஸ்பேட் எடுக்கும் மருந்தையும் கையில் திணிக்கப் பார்த்தார்கள். வாங்கவில்லை. தாமிரம் கலந்த ஆல்ஜிசைட் சுவரில் கறை விடும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொன்னிற முடி பூலில் பச்சையாவதற்கும் தாமிரம்தான் காரணம், பழி மட்டும் குளோரினுக்கு. நமக்கு முடி கறுப்பு, தெரியாது, அவ்வளவுதான். இப்போது தேவை இரண்டு அளவுகள்: தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச், அப்புறம் சயனூரிக் அமிலம். இரண்டாவதை இங்கே ஸ்டெபிலைசர் என்பார்கள், சிலர் சன்ஸ்கிரீன் என்றே சொல்வார்கள். வெயில் குளோரினை அழித்துவிடாமல் அது பிடித்துவைக்கிறது. அது கூடினால் பிடியும் இறுகும், பாசியோடு சண்டை போட குளோரின் போதாது. அதனால் எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதை முடிவு செய்வது பூலின் பச்சை நிறம் இல்லை, இந்த எண்தான். ஸ்டெபிலைசரை அளக்க, மருந்து கலந்த பூல் தண்ணீரை இந்தச் சோதனைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி எந்த அளவில் மறைகிறதோ, அதுதான் கணக்கு. எங்களுக்கு 40 வந்தது. அதில் 40 சதவீதம், அதாவது 16 பிபிஎம் (பத்து லட்சத்தில் 16 பங்கு) குளோரின் நிற்க வேண்டும்.

கணக்கு போடுவோம். இந்தப் பூல் சுமார் 50,000 லிட்டர். 12.5 சதவீத லிக்விட் குளோரின் ஒரு லிட்டர் ஊற்றினால் 2.5 பிபிஎம் ஏறும். அப்படியென்றால் ஆறரை லிட்டர் போல ஆரம்பத்துக்கு. குளோரின் மாத்திரை வேண்டாம், அதில் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே வருகிறது. அது தானாகப் போகாது, தண்ணீரை மாற்றினால்தான் குறையும்.

பிஎச்சை முதலில் 7.2க்கு இறக்கிவிட்டோம். குளோரின் 10ஐத் தாண்டிவிட்டால் பிஎச் சோதனை தப்பாகக் காட்டும், அப்போது அதை நம்ப முடியாது. இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பம்ப் ஓடும்போது ஊற்றுங்கள். அந்த அமிலமும் குளோரினும் ஒரே வாளியைத் தொடக்கூடாது, ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கலந்தால் வருவது குளோரின் வாயு. கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

இப்போது சாயங்காலம். வெயில் இறங்கிய பிறகுதான் ஊற்றுகிறேன், அப்போதுதான் இரவு முழுக்க வேலை செய்யும்.

இது மறுநாள் காலை. நிறம் பாருங்கள், பச்சை போய் ஒரு மாதிரி சாம்பல் நீலம். நன்றாக இருக்கிறது என்று இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை ஊற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் மறுபடி பச்சை. ஊற்றிய குளோரினைப் பாசி தின்று தீர்த்துவிடும். 16க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் மேலே ஏற்ற வேண்டும், முடிந்தால் பகலில் இரண்டு மூன்று தடவை அளந்து. அந்த அளவைத் தாங்கிப் பிடிப்பதுதான் மொத்த வேலையும்.

அளக்கும்போது ஒரு விஷயம். சாதாரண கிட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பே வெளுத்துப்போய், குளோரின் சுத்தமாக இல்லை என்பதுபோல் காட்டும். பதறிப்போய் இன்னும் ஒரு கேன் ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணும் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். 10 மில்லி தண்ணீருக்கு ஒரு சொட்டு 0.5 பிபிஎம்.

இன்னொரு பக்கம் பிரஷ். சுவர், படிக்கட்டு மூலை, ஏணிக்குப் பின்னால், மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் மூடிக்கு அடியில், விளக்குக் குழிக்குள். தேய்க்காத இடத்தில் பாசி ஒளிந்துகொண்டு திரும்ப வரும். பம்ப் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஃபில்டர் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 50 கிலோபாஸ்கல் போல ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குத்தான் போக வேண்டும், தெரு மழைநீர்க் கால்வாய்க்குப் போகக்கூடாது. அது நேராக ஓடையில் கலக்கும். அடியில் படிந்த செத்த பாசியை உறிஞ்சும்போது வால்வை 'வேஸ்ட்' பக்கம் திருப்பிவிடுங்கள், தண்ணீர் ஃபில்டருக்குப் போகாமல் நேராக வெளியே போகும். ஃபில்டரின் மணலுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும்.

இனி நடுவில் காட்ட ஒன்றும் இல்லை. அளப்பது, ஊற்றுவது, தேய்ப்பது, தண்ணீர் வெறும் பால் கலங்கலாக நிற்பது. பொறுமையைச் சோதிக்கும் கட்டம் அதுதான்.

இதோ, இன்றைய நிலை. அடியில் வடிகால் மூடியின் திருகுகள்கூடத் தெரிகின்றன. அது தெரியும்வரை குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. கலங்கல் தண்ணீரில் ஒரு பிள்ளை விழுந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. நேற்று இரவு அளந்ததற்கும் இன்று விடியுமுன் அளந்ததற்கும் வித்தியாசம் அரை பிபிஎம்தான். இரவில் 1க்கு மேல் இறங்கவில்லை, அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த கலவைக் குளோரின் 0.5க்குள், தண்ணீர் தெளிவு. மூன்றும் சேர்ந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் அக்காவின் சின்னவள் இன்னும் இறங்கப் போவதில்லை. 16லிருந்து குளோரின் தானாக இறங்கட்டும். அப்புறம் அந்தக் கேட்டைப் பாருங்கள், தள்ளிவிட்டால் பாதியில் நிற்கிறது. இங்கே சட்டப்படி வேலி குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும், கேட் எந்த நிலையிலிருந்து விட்டாலும் தானாக மூடித் தாழ் விழ வேண்டும். பக்கத்தில் ஏறி மிதிக்கும்படி பூந்தொட்டியும் கூடாது. மாமா கீலை மாற்றிக்கொண்டிருக்கிறார், திட்டிக்கொண்டே. அவருக்கு ஸ்க்ரூட்ரைவர் எடுத்துக்கொடுத்துவிட்டு வருகிறேன்.