துண்டுக்குள்ள விரல், மேசை மேல சீட்டு

எல்லாருக்கும் வணக்கம். போக்கர்ங்கிற சீட்டாட்டத்தப் பத்தி பேச வாங்கன்னு ரேடியோ நிலையத்துல இருந்து கூப்பிட்டப்ப ரெண்டு நாள் யோசிச்சேன், நம்ம திருநெல்வேலிப் பக்கம் சீட்டுன்னு வாயெடுத்தாலே வீட்ல பெரியவுக முகம் மாறிரும். நான் கோவால மாண்டோவி ஆத்துல நிக்கிற ஒரு கேசினோ கப்பல்ல பதினோரு வருஷம் போக்கர் டீலரா சீட்டு போட்டவன், வேலை பாத்த எடத்துல நாங்க ஆடக்கூடாது, அதனால என் காசு அந்த மேசைல ஒரு ரூவா போனது கிடையாது. பணம் வச்சு ஆன்லைன்ல ஆடுறதுக்கு 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல தடைச் சட்டமே போட்டாச்சு, தம்பிமாரு அத போன்ல தேடிக்கிட்டு இருக்காதீய. எதிர்ல இருக்கிற ஆள எப்படிப் படிக்காவ, படிச்ச பொறவு தன்னோட ஆட்டத்த எப்படி மாத்துதாவ, அந்த வித்தைய மட்டும்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அது கப்பல்ல படிஞ்சது இல்ல, மேலப்பாளையம் சந்தைல படிஞ்சது. எங்கப்பா ஆட்டுத் தரகர். செவ்வாக்கெழம வெள்ளன நாலு மணிக்கே என்னையும் இழுத்துட்டுப் போயிருவாரு. தோள்ல கெடக்கிற துண்ட எடுத்து வாங்குறவர் கை மேல போட்டு அதுக்குள்ள விரலப் பிடிச்சுத்தான் வெல பேசுவாக, சுத்தி நிக்கிற யாருக்கும் தெரியாது, ரெண்டு பேரும் எங்கயோ வேடிக்க பாக்குற மாதிரி நிப்பாக. ஒருநாள் ஒருத்தர் மூணு விரலப் பிடிச்சுட்டு "அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது அண்ணாச்சி"ன்னு தலைய ஆட்டிட்டாரு, அப்பா பேசாம நின்னாரு, கொஞ்ச நேரத்துல அவரே நாலாவது விரலையும் பிடிச்சாரு. எப்படிப்பா தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "வேண்டாங்கிறவன் கைய உருவிக்கிடுவாம்லே, அவன் வாய்தான் வேண்டாம்னுச்சு, விரல் இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்துச்சு"ன்னாரு.

சரி, போக்கருக்கு வருவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கவுத்திப் போடுவோம், நடுவுல எல்லாருக்கும் பொதுவா மொதல்ல மூணு சீட்டு, அது ஃப்ளாப், அடுத்து ஒண்ணு டர்ன், கடைசி ஒண்ணு ரிவர், ஒவ்வொரு கட்டத்துலயும் பந்தயம் உண்டு. கேஷ் கேம்னா மேசைல இருக்கிற சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலா தார வில்லை, அப்படியே பணம், தீந்தா திரும்ப வாங்கலாம், எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போலாம். நேர்ல ஆடும்போது மணிக்கு 25, 30 கைதான், அதாவது 25, 30 ஆட்டம்தான் ஓடும், நிதானமா ஆடுற ஆளு அதுல முக்காவாசிய கீழ போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பான், அந்த சும்மா இருக்கிற நேரத்துலதான் அவன் மத்தவங்களப் படிக்கணும், ஆனா நெறைய பேரு அப்ப போன நோண்டிக்கிட்டு இருப்பாவ, எனக்குப் பாக்கவே மனசு கெடக்காது.

எல்லாரும் மூஞ்சிய பாக்கணும்னு நெனைக்காவ. மூஞ்சி பொய் சொல்லப் பழகிருச்சு. எண்ணிக்கை பொய் சொல்லாது. ரெண்டு ஏஸ் சேந்து வாரது 221 கைக்கு ஒரு தடவதான், அதாவது எட்டு ஒம்பது மணி நேரம் உக்காந்தா ஒரு தடவ. அப்ப ஒருத்தன் மணிக்கு பத்துப் பதினஞ்சு கை ரெய்ஸ் பண்ணுதான்னா, அதாவது பந்தயத்த ஏத்துதான்னா, அவன்கிட்ட அத்தன நல்ல சீட்டு இருக்க வழியே இல்லல்லா? அவனுக்கு சுமாரான சீட்டு வச்சே கால் பண்ணலாம், அதாவது அவன் வச்ச பணத்துக்குச் சமமா நாமளும் வைக்கலாம். மூணு மணி நேரமா மூணே தடவ ரெய்ஸ் பண்ணுனவன் நாலாவது தடவ பண்ணுதப்ப கால் பண்ணக்கூடாது. ஆளோட வழக்கம் தெரிஞ்சாத்தான் வழக்கம் மாறுறது தெரியும். இன்னொண்ணு, சிப்ஸ் தள்ளும்போது கை நடுங்குனா பயப்படுதான்னு புதுசா வாரவங்க நெனைப்பாங்க, நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் அது நல்ல சீட்டு வந்த பதட்டம்.

ஒரு ராத்திரி சொல்லுதேன். 100, 200 பிளைண்ட் மேசை, அதாவது சீட்டு பாக்கும் முன்னாடியே ரெண்டு பேரு 100, 200 வச்சாகணும். அறுவது வயசுப் பெரியவர் ஒருத்தர், சிப்ஸ இருவது இருவதா அடுக்கி, ஓரம் ஒண்ணுபோல இருக்கான்னு பெருவெரலால தடவிப் பாப்பாரு, அவ்வளவு நிதானம். கடைசியா முடிவு சொல்லுற நாற்காலில மதுரைப் பக்கத்துப் பையன் ஒருத்தன். பெரியவர் 800 ரெய்ஸ், பையன் மட்டும் கால். ஃப்ளாப் ராஜா, எட்டு, நாலு. பெரியவர் 1000, பையன் கால். டர்ன்ல ராணி. பெரியவர் 2500, கால். ரிவர்ல ரெண்டு. பாட்ல, அதாவது நடுவுல சேந்த பணத்துல, 8900 கெடக்கு, பெரியவர் 8000 எடுத்து வச்சாரு. எடுத்து வச்ச பொறவு அந்தப் பெருவெரல் அடுக்கு மேல அப்படியே நின்னு போச்சு, தடவல.

பையன் ரெண்டு நிமிசம் ஒண்ணும் பேசல. 8000 போட்டு 24900 எடுக்கணும்னா மூணுல ஒரு தடவையாச்சும் அவன் ஜெயிக்கணும். கடைசியில தன் சீட்ட மேல திருப்பிப் போட்டு ஃபோல்ட் பண்ணுனான், அதாவது ஆட்டத்த விட்டுக் குடுத்துட்டான், பாத்தா ராஜாவும் ராணியும், ரெண்டு ஜோடி! அத யாரும் கீழ போட மாட்டாங்க. பெரியவரும் திருப்பிக் காட்டுனாரு, எட்டு எட்டு, ஃப்ளாப்ல வந்த எட்டோட மூணு, ரெண்டு ஜோடிய விடப் பெருசு. டீலர் வாய் தொறக்கக்கூடாது, எனக்கு உள்ளுக்குள்ள கைதட்டணும்போல இருந்துச்சு. இடைவேளைல அவன் தமிழ்ல சொன்னான், "அண்ணே, அவரு ஒத்த ஜோடிய வச்சு மூணு தெரு அடிச்சத நான் பாக்கவே இல்ல, மூணாவது தெருவுல எப்பவும் செக் பண்ணிருவாரு." தெருன்னா ஒரு பந்தயக் கட்டம், செக்னா பந்தயம் வைக்காம விடுறது.

இதோட முடிஞ்சிருந்தா ஞாபகமே இருந்திருக்காது. ராத்திரி ஒரு மணிக்கு மேல பெரியவர் வேற ஒரு ஆள்கிட்ட கடைசி சீட்டுல பெரிய பாட்ட விட்டுட்டாரு. அதுல இருந்து அடுக்கு இல்ல, சிப்ஸ் குவியலா கெடக்கு, வாரதெல்லாம் ரெய்ஸ். இதத்தான் டில்ட்டுங்காவ, நம்மூர்ல கோட்டி பிடிச்சிருச்சும்போம். மறுபடியும் அதே பையன், அதே மூணு தெரு அடி, ரிவர்ல அதே எட்டாயிரம். இந்தத் தடவ பையன் கைல வெறும் ஒத்த ஜோடி, ஒம்பது, அதுவும் போர்டுல அத விடப் பெரிய சீட்டு ரெண்டு கெடக்கு. ஆனா டக்குன்னு கால் பண்ணிட்டான். பெரியவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. ரெண்டு ஜோடிய கீழ போட்டவன் ஒத்த ஒம்பத வச்சுக் கால் பண்ணுதான், ஏன்னா எட்டாயிரம் அதேதான், வச்ச ஆளு வேற ஆளாயிட்டாரு.

அதுக்குப் பொறவு ஒரு மணி நேரம் பையன் கால் பண்ணிக்கிட்டே இருந்தான், நல்லா சேந்துச்சு. மூணு மணிவாக்குல பெரியவர் ரெண்டு கைய சும்மா விட்டாரு, ஒரு காப்பி சொன்னாரு. பையன் கைல அப்ப நல்ல சீட்டுதான், ராணி ஜோடி, எனக்கு எப்படித் தெரியும்னா கீழ போடும்போது திருப்பிக் காட்டிட்டான், பெரியவரோட ரெய்ஸுக்கு அத கீழ போட்டுட்டு எனக்கு டிப்ஸ் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சான். என்ன தம்பி அதுக்குள்ளயான்னு கண்ணால கேட்டேன். அவன் மேசையோட அந்தப் பக்கம் பாத்தான். பெரியவர் காப்பிய ஓரமா வச்சுட்டு, குவியல்ல இருந்து சிப்ஸ எடுத்து இருவது இருவதா அடுக்கி, பெருவெரலால ஓரத்த தடவிக்கிட்டு இருந்தாரு.