உடல் சொல்வதைக் கேட்டல்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

தனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்று ஒருவர் வாயால் சொல்லும்போது அவருடைய உள்ளங்கை வியர்த்திருந்தால், நாம் அவர் சொல்லை விட்டுவிட்டுக் கையைத்தான் நம்புகிறோம். நம் மொழி இதை நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறது. கவலையில் வயிறு கலங்குகிறது என்கிறோம். துயரம் நெஞ்சை அடைக்கிறது, அதிர்ச்சியில் கைகால் ஓடவில்லை, அவமானத்தில் முகம் சுண்டிப்போகிறது, வேலை மிகுந்தால் மூச்சுவிட நேரமில்லை என்கிறோம். இவற்றை உவமைகளாக எண்ணி நாம் கடந்துபோனாலும், பெரும்பாலானவை உடலில் நடப்பதை அப்படியே சொல்பவை. அச்சம் வந்தால் செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, உமிழ்நீர் வற்றுகிறது, மூச்சு மேல்மார்போடு நின்று வேகமாகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் என்று இந்த மாற்றங்களை விளக்கினார்.

ஆயத்தம் செய்வது உடலின் கடமை. அதை அது தவறாமல் செய்கிறது. ஆனால், ஓடவும் தேவையில்லாத, எதிர்க்கவும் தேவையில்லாத ஒரு மின்னஞ்சலுக்காகவோ தொலைபேசி அழைப்புக்காகவோ அது ஆயத்தமாகி நிற்பதை நாம் கவனிப்பதே இல்லை. மனமும் உடலும் இசைந்திருப்பது என்றால் எப்போதும் அமைதியாக இருப்பது என்று பலர் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. உடல் சொல்வது உரிய நேரத்தில் மனத்துக்குக் கேட்க வேண்டும். அதைத்தான் நான் இசைவு என்கிறேன். கேட்ட செய்தி கோபமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், துக்கமாகவும் இருக்கலாம்.

இதை எனக்குக் கற்பித்தது என் தாடை. பல ஆண்டுகள் மேசைமுன் அமர்ந்து கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்தேன். ஒருமுறை பல்வலிக்காகச் சென்றபோது, மருத்துவர் என் பற்களைப் பார்த்துவிட்டு, அவை வயதுக்கு மீறித் தேய்ந்திருப்பதாகச் சொல்லி, பற்களைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரங்களில் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, உதடுகள் மூடியிருக்கும்போதும் உள்ளே சிறு இடைவெளி இருக்க வேண்டும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மேசையின் ஓரத்தில் வண்ணத் தாள் ஒன்றை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றார் அவர்.

முதல் நாள், அந்தத் தாளைப் பார்த்த ஒவ்வொரு முறையும் என் தாடை இறுகியிருந்தது. நான் கேட்கப்பட்டபோது அத்தனை உறுதியாக இல்லை என்று சொல்லியிருந்தேன் என்பதை நினைத்தபோது, இத்தனை ஆண்டுகள் என் உடலில் நான் குடியிருந்தேனா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாம் வாரத்தில் இன்னொன்று புலப்பட்டது. எல்லாக் கோப்புகளுக்கும் தாடை இறுகவில்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் கோப்பு மேசைக்கு வரும்போதுதான் மிகவும் இறுகியது. அந்தக் கணக்கை எழுதும் முறையில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும், அதை மேலதிகாரியிடம் சொல்ல எனக்கு அச்சம் இருந்தது என்பதையும் மனம் ஒப்புக்கொள்வதற்கு நெடுநாள் முன்பே பற்கள் அறிந்திருந்தன.

தாடையைத் தளர்த்தியதால் அந்த அச்சம் போய்விடவில்லை. அச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்த பின்தான் அதைப் பற்றி ஏதாவது செய்ய முடிந்தது.

உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் இந்தச் செய்திகளுக்கு முறையான பாதைகள் உண்டு. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, இதயம், நுரையீரல் வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு அவற்றுள் முதன்மையானது. மூளை இடும் கட்டளைகளைச் சுமப்பதே அதன் வேலை என்று நாம் எண்ணக்கூடும்; ஆனால் அதன் இழைகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்கு எடுத்துச் சொல்பவை. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் இதே நரம்பின் வழியாக நடப்பவைதான். மூச்சைச் சிறிது நீட்டி வெளிவிட்டால் நெஞ்சின் படபடப்பு குறைவதற்கு இதுவே காரணம். இதைச் சோதித்துப் பார்க்க மணிக்கட்டில் விரல் வைத்தால் போதும்.

ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 15 முறை மூச்சுவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் அது 21,600 ஆகிறது. பழைய யோக நூல்கள் சொல்லும் எண்ணும் இதுவே. இத்தனை மூச்சுகளில் நாம் அறிந்து விடும் மூச்சு எத்தனை? 2010ஆம் ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர், 2,250 பேரிடம் அன்றாடத்தின் நடுவே கைபேசி வழியாகத் தொடர்புகொண்டு, இந்த நொடியில் உங்கள் மனம் செய்கிற வேலையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 46.9 விழுக்காட்டு நேரங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் அலைந்தபோது மக்கள் தங்கள் மகிழ்ச்சி குறைந்திருந்ததாகவே பெரும்பாலும் தெரிவித்தார்கள்.

இந்தக் கணத்தில் நடப்பதை மனம் ஊன்றிக் கவனிக்கும் பயிற்சிக்கு இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு அடியில் 'ஸதி' என்ற பாலிமொழிச் சொல் இருக்கிறது. நினைவு என்பதே அதன் மூலப்பொருள். எனக்கு இந்தப் பொருள் மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் அது பயிற்சியின் உண்மையான கடினத்தைச் சுட்டுகிறது: கவனிப்பது எளிது, கவனிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வருவதுதான் அரிது. ஆகவே, தனியே ஒரு மணிநேரம் ஒதுக்க முடியாதவர்கள், ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஏதாவது ஒரு செயலோடு அந்த நினைவைக் கட்டிவைக்கலாம். கைகழுவும்போது நீரின் குளிர்ச்சியை உணரலாம். படியேறும்போது பாதம் அழுந்துவதை உணரலாம். தொலைபேசி ஒலித்தால் முதல் மணிக்கு எடுக்காமல், ஒரு மூச்சை முழுதாக விட்டபின் எடுக்கலாம். ஒன்றே போதும். ஐந்தாறு செயல்களை ஒரே நாளில் எடுத்துக்கொண்டவர்கள் மறுவாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மனம் நழுவிப்போனதைக் கண்டு தம்மைத் தாமே கடிந்துகொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நழுவியதை நீங்கள் கண்ட அந்தக் கணத்தில் நீங்கள் விழித்துத்தான் இருக்கிறீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உடலைக் கேட்பது என்பதில் அதுவும் அடங்கும். கொடிய நிகழ்வுகளைக் கடந்து வந்தவர்கள் சிலருக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது ஆறுதலுக்கு மாறாகத் திகிலைத் தரும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையைத் தொடும் இடத்தையோ வெளியே கேட்கும் ஓசைகளையோ கவனிக்கலாம். அதுவும் இயலாவிட்டால் நிறுத்திவிட்டு, தகுந்த மனநல மருத்துவரின் துணையோடு தொடங்கலாம். பொறுத்துக்கொண்டு செய்தால் சரியாகிவிடும் என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

என் தாடை இன்றும் இறுகுகிறது. வண்ணத் தாள் எப்போதோ உரிந்து போய்விட்டது. அது இல்லாமலும் இப்போது தெரிகிறது, முன்பைவிட விரைவாகவும் தெரிகிறது. சென்ற மாதம் எனக்கு நெருங்கிய ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கடுமையான ஒரு சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு முன்பே பற்கள் இறுகியிருந்ததை உணர்ந்தேன். "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, மூச்சை வெளியே விட்டேன். சொல்ல வேண்டியதைப் பிறகு சொன்னேன்; அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.