கரை வேர்க்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

திறந்த மூல மென்பொருள் என்ற சொல் காதில் விழுந்ததும், இது கணினி படித்தவர்கள் பாடு என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட மென்பொருள்கள் அவை. அவற்றின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இவற்றில் பலவற்றை ஊர்ப் பொதுச் சொத்துப்போல, பாடுபடுகிறவர்களே கூடிப் பேசி, வாக்களித்து நடத்துகிறார்கள். பாடுபடுகிறவர் என்று யாரைச் சொல்வது? இந்த ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனம். ஆயக்கட்டில், அதாவது அந்தத் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் வைத்திருக்கிறவர்கள் குடிமராமத்துக்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்ப வேண்டும். வரத்துக்கால் தூர்வார வேண்டும், கரைக்கு மண் சுமக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள், எத்தனை நாள் என்று ஒருவர் நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் பெயர் இருந்தால் ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு.

எனக்குப் பத்து வயது இருக்கும். கார்த்திகை மாதம், கண்மாய் நிறைந்து, மிகைநீர் வழியும் கலுங்கில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்த்து வந்த கீதாரி ஒருவர் மேட்டுப் புஞ்சையில் கிடை போட்டிருந்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஐயா, நாவல் மரத்துக்குக் கீழே கரை வேர்க்கிறது" என்றார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால், கரையின் வெளிச்சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவ்வளவுதான். தண்ணீர் ஒழுகக்கூட இல்லை. அந்த இடத்துப் புல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளவென்று இருந்தது. அப்பா குனிந்து விரலை வைத்தார், மண் கூழாக உள்ளே போனது. நண்டு வளை. மதியத்துக்குள் அங்கே தண்ணீர் நூலாக ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குள் ஊர் திரண்டு, வைக்கோல் பிரியும் களிமண்ணும் மணல் மூட்டையும் வந்து சேர்ந்ததால் கரை நின்றது.

ஊரில் யாருக்கும் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? தினமும் அந்தக் கரை வழியாகத்தான் ஆடுகளைப் பத்திப் போவார். நேற்று அந்தப் புல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் நோட்டில் அவர் பெயர் ஏற வழியே இல்லை. நிலம் கிடையாது, ஒரு கூடை மண் சுமந்ததும் கிடையாது. கரையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் அவரையும் உட்காரவைத்துக் கேட்போம் என்றார் அப்பா. வெளியூர்க்காரருக்கு இங்கே என்ன பேச்சு என்று அடக்கிவிட்டார்கள். அந்த வருத்தம் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது.

2024 மார்ச்சில் அந்தக் கீதாரியின் நினைவு மறுபடி வந்தது. எக்ஸ்இசட் என்று ஒரு சிறு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கிவைக்கும் வேலை அதற்கு. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடும் கணினிகளில் கண்ணில் படாமல் உள்ளே கிடக்கும். பல ஆண்டுகளாக ஒருவரே அதைப் பராமரித்துவந்தார். 2021இல் புனைபெயரில் ஒருவர் வந்து திருத்தம் மேல் திருத்தமாக அனுப்பினார். பராமரிப்பவரோ களைத்துப்போயிருந்தார். பொறுப்பை வேறு ஒருவருக்கும் பங்கு கொடுங்கள் என்று வேறு சில பெயர்களில் கடிதங்கள் அவரை நெருக்கின. புதியவர் கைக்குப் பொறுப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில், பிறர் கணினிக்குள் புகுந்துகொள்ள ஒரு கள்ள வழியை ஒளித்துவைத்துவிட்டார். நோட்டைப் புரட்டியிருந்தால் நன்றாக உழைத்தவர் என்றுதான் தெரிந்திருக்கும்.

கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை செய்பவர், எக்ஸ்இசட் குழுவில் இல்லாதவர். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது அவரை உறுத்தியது. தோண்டிப் பார்த்தார், மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அரை நொடி, நேயர்களே. உள்ளங்கை அகல ஈரம்.

திறந்த மூலத் திட்டங்களிலும் அந்த நோட்டு இருக்கிறது. யார் எத்தனை திருத்தம் சேர்த்தார் என்று கணினியே எண்ணிவைத்துவிடும். எண்ணுவது எளிது என்பதால் அதையே உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறர் எழுதியதைப் படித்து, இது வேண்டாம் என்று காரணத்தோடு திருப்பி அனுப்புகிறவரின் உழைப்பு அதில் ஏறாது. புதிதாக வந்தவரின் கேள்விக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகிறவரும் ஏறமாட்டார்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். அச்சிடுவதை நிறுத்தப் போனால், "அச்சிடுவதை ரத்து செய்யலாமா?" என்று திரையில் கேள்வி வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று "சரி", இன்னொன்று "ரத்து". எதை அழுத்தினால் அச்சு நிற்கும்? பள்ளி ஆசிரியை ஒருவர் இதில் தடுமாறி, நாற்பது தாள் வீணாகிவிட்டது என்று எனக்கு எழுதியிருந்தார். மூன்று வாரம் பேசி, "அச்சிடுவதை நிறுத்து", "தொடர்ந்து அச்சிடு" என்று மாற்றினோம். நோட்டுக் கணக்கில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் ஒருங்கிணைப்பாளர் பெயரில்தான் ஏறின, ஏனென்றால் எல்லாருடைய மொழிபெயர்ப்பையும் சேர்த்து ஏற்றுபவர் அவர். பிறகு ஒரு திட்டத்தின் தேர்தலில் வாக்குக் கேட்டபோது, உங்கள் கணக்கில் பங்களிப்பு எதுவும் இல்லையே என்று எனக்குப் பதில் வந்தது. ஆசிரியைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தவறைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தொகுத்து வழங்க 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில் மென்பொருள் பொதிகளைக் கட்டி ஏற்றுகிறவர்களே பெரும்பாலும் முழு உறுப்பினர்களாக இருந்தார்கள். 2010இல் வாக்கெடுப்பு நடத்தி, ஆவணம் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர் போன்றோரையும் வாக்குரிமையோடு உறுப்பினர்களாக வரவேற்றார்கள். பொதிகளை ஏற்றும் அனுமதியை மட்டும் அவர்களுக்குத் தரவில்லை. மிகச் சரி என்பேன். கண்மாயில் மடை திறக்கும் உரிமை, தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருக்கும் நீர்ப்பாய்ச்சிக்குத்தான். பேச்சுரிமை வேறு. பேச்சைத் தாராளமாகக் கொடுக்கலாம், மடையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்இசட்டில் களைத்த மனிதரிடமிருந்து மடையைத்தான் பிடுங்கினார்கள்.

அப்படியானால், "நன்றி" என்று ஒரு வரி எழுதியவரும் பங்களிப்பாளரா என்று கேட்பீர்கள். எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அவர் ஒரு மாதம் வராவிட்டால் வேறு யாருக்காவது வேலை கூடுமா? ஏதாவது கெடுமா? ஆம் என்றால் அவருக்குப் பேச்சு உண்டு. திரும்பவும் சொல்கிறேன், எத்தனை கூடை என்று கேட்காதீர்கள், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முன்பு உழைத்து இப்போது ஒதுங்கிவிட்டவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸுக்குத் திரை முகப்பு உருவாக்கும் க்னோம் திட்டத்தின் அறக்கட்டளையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் பொறுப்பைப் புதுப்பிக்க வேண்டும், அங்கே மொழிபெயர்ப்பும் பங்களிப்புதான். பைத்தான் என்ற நிரல்மொழியில், அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018இல் தலைமையிலிருந்து விலகியபின் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள், இரண்டு ஆண்டு பங்களிக்காதவரை ஒதுங்கிக்கொள்ளும்படி கேட்கலாம் என்று விதியும் வைத்தார்கள். பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையிலோ, ஒருமுறை ஈட்டிய தகுதி காலாவதியாவதில்லை என்பார்கள். மரியாதை காலாவதியாகக் கூடாது, மடைப் பொறுப்பு மட்டும் கைமாற வேண்டும் என்பது என் கருத்து.

கணினியிலோ கைப்பேசியிலோ தமிழில் ஏதாவது சொல் உறுத்தினால், அதை உருவாக்குபவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எந்தத் திரை, எந்தச் சொல் என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். வணக்கம்.