ரோமிலிருந்து ஒரு நாளில் ஓர்வியேத்தோ: மலையூரும் அதன் சாப்பாடும்

வணக்கம். குடும்பத்தோடு ரோமில் தங்கப்போகும் நேயர் ஒருவர், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலையூர் எது என்று கேட்டிருக்கிறார். உடன் வருபவர்கள் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள அவருடைய தாயாரும். தாயார் சைவம் மட்டுமே உண்பவர் என்பதால், அங்கே அவர் வயிறாரச் சாப்பிட முடியுமா என்பதே அவருடைய பெரிய கவலை.

நான் தயங்காமல் சொல்வது உம்பிரியா மாநிலத்திலுள்ள ஓர்வியேத்தோ. ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நிலையத்துக்கு எதிரிலேயே பாறையின் உச்சிக்கு இழுவை ரயில் ஏறுகிறது. மேலே இறங்கினால் பேராலயம் வரை சிறிய பேருந்து உண்டு. ஆகவே அம்மா மலையேற வேண்டியதில்லை.

அன்றைய பொழுதை மதியச் சாப்பாட்டை வைத்தே வகுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள உணவகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டரை மணிக்குத் திறந்து, இரண்டரை மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிடும். பிறகு இரவு ஏழரை மணிக்குத்தான் மறுபடியும் மூட்டுவார்கள். பசித்த பிள்ளைகளோடு மூன்று மணிக்குக் கடை தேடி அலையும் நிலை வரக்கூடாது.

சாப்பாட்டுக்கு முன் பேராலயச் சதுக்கத்தின் அருகிலிருந்து வழிகாட்டியோடு செல்லும் பாதாளக் குகைகளைப் பார்த்துவிடுங்கள். படிகள் இருப்பதால் அம்மா மட்டும் அந்த நேரத்தில் பேராலயத்துக்குள் அமர்ந்திருக்கலாம். ஊர் நிற்கும் பாறை எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்மையான கல் என்பதால், ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்தே மக்கள் தங்கள் வீடுகளுக்கு அடியில் குடைந்து குடைந்து 1,200க்கும் மேற்பட்ட குகைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். கோடையிலும் குளிர்ச்சி மாறாத அந்த அறைகளில்தான் ஊரின் புகழ்பெற்ற வெள்ளை ஒயினைப் பாதுகாத்தார்கள், எண்ணெய்ச் செக்கு ஆட்டினார்கள். சில குகைகளின் சுவர் முழுவதும் வரிசை வரிசையாகச் சதுர மாடங்கள் செதுக்கப்பட்டிருக்கும். அவை புறாக்கூடுகள், பறவைகள் செங்குத்துப் பாறையின் சாளரம் வழியே வெளியே பறந்து இரை தின்றுவிட்டுத் திரும்பின, வீட்டுக்காரர்களுக்கு ஊரைவிட்டு இறங்காமலே இறைச்சி கிடைத்தது. இன்றும் ஓர்வியேத்தோவின் உணவுப் பட்டியலில் புறாக்கறி இருப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அதன் காரணம் புரியும்.

அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பது உம்பிரிகெல்லி என்னும் பாஸ்தா. கோதுமை மாவையும் தண்ணீரையும் மட்டுமே பிசைந்து, பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டிய தடித்த இழைகள்; ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் மெல்லுவதற்கு இதமாக இருக்கும், குழம்பும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தக்காளி, பூண்டு, மிளகாய் சேர்த்த அர்ராபியாத்தா குழம்போடு கேளுங்கள். நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். சில கடைகளில் முட்டையோ, குழம்பில் பன்றிக் கொழுப்போ சேர்ப்பதுண்டு, எனவே கேட்டுவிட்டே சொல்லுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர் என்றால் 'சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ' என்று சொன்னால் பாலாடைக்கட்டி தூவாமல் தருவார்கள். நத்தை வடிவில் சுருட்டிய லுமக்கெல்லே ரொட்டி பார்க்க ஆசையாக இருந்தாலும், அதற்குள் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். மேசைக்கு வரும் ரொட்டியில் உப்பே இருக்காது. அது உம்பிரியாவின் வழக்கம், குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டால் சரியாக இருக்கும்.

சாப்பிட்டதும் நீங்களும் பிள்ளைகளும் பேராலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்களைப் பாருங்கள். பாட்ரிசியோ கிணற்றைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் அது இழுவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பிவந்த போப் ஏழாம் கிளமெண்ட் தோண்டச் செய்த கிணறு அது. ஒன்றையொன்று தொடாத இரண்டு சுழல் வழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமந்த கழுதைகள் ஒரு வழியில் இறங்கி மறு வழியில் ஏறின. பிள்ளைகள் இறங்கி ஏறி வரும்வரை அம்மா அருகிலுள்ள கோட்டைத் தோட்டத்தில், கீழே விரியும் பாலியா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இளைப்பாறலாம். அங்கிருந்து ரயிலுக்கு நடை மிகக் குறைவு.