வெள்ளைத் தோல், ஆஸ்திரேலிய வெயில், ஏழு டீஸ்பூன்

[திரை: கைபேசியில் வானிலைச் செயலி. பிரிஸ்பேன், ஜனவரி, பகல் 12 மணி. வெப்பநிலை 27. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: யூவி 12.]

27 டிகிரி. சென்னைக்காரங்களுக்கு இது மார்கழி மதியம். இந்த எண்ணை மட்டும் பார்த்துட்டுத் தொப்பியில்லாம கிளம்புற வெள்ளைத் தோல்காரருக்கு, சாயங்காலம் தோள் ரெண்டும் செக்கச்செவேல்னு எரியும். தோலைச் சுடுறது கீழே சின்னதா இருக்கிற அந்த 12.

வெயில்ல நமக்கு உறைக்கிற சூடு அகச்சிவப்புக் கதிரோட வேலை. சன்பர்ன் வர வைக்கிறது புற ஊதாக் கதிர், அதான் யூவி. இதை உணர நம்ம உடம்புல எந்த நரம்பும் கிடையாது. காத்து சிலுசிலுன்னு அடிக்கலாம், மெல்லிசா மேகம் மூடியிருக்கலாம், நீச்சல் குளத்துல இடுப்பளவு தண்ணியில நிக்கலாம். யூவி இறங்கிட்டேதான் இருக்கும். "இன்னிக்கு வெயிலே இல்லையே"ன்னு சொல்ற நாள்லதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

[திரை: கரும்பலகை. கணக்கு வரி வரியாக எழுதப்படுகிறது.]

யூவி இன்டெக்ஸ்ல 1ன்னா, ஒரு சதுர மீட்டர்ல தோலைச் சிவக்க வைக்கிற கதிர் 25 மில்லிவாட். அப்போ 12ன்னா 300 மில்லிவாட். அதாவது நொடிக்கு 0.3 ஜூல். ரொம்ப வெளுத்த தோல் சிவக்க ஆரம்பிக்க சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 ஜூல் போதும். 200ஐ 0.3ஆல வகுங்க. 666 நொடி வரும். பதினோரு நிமிஷம்.

பதினோரு நிமிஷம்ங்கிறது காரை நிறுத்திட்டு, மணல்ல நடந்து, இடம் பிடிச்சு, துண்டை விரிக்கிற நேரம். "போய் உட்கார்ந்துட்டு சன்ஸ்கிரீன் போட்டுக்கலாம்"ங்கிற திட்டம் ஏன் பலிக்கிறதில்லைன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். அதே கணக்குல யூவி 6ன்னா 22 நிமிஷம். ஆஸ்திரேலியாவுல 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு எடுக்கணும்னு சொல்றாங்க. மெல்பர்ன்ல குளிர்கால மாசங்கள்ல பெரும்பாலும் 3க்குக் கீழேயே இருக்கும். பிரிஸ்பேன்ல ஜூன் மாச மதியம்கூட 3ஐத் தாண்டும்.

[திரை: உலக வரைபடம். அயர்லாந்து, பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடு.]

பிரச்சினையோட வேர் இந்தக் கோடுதான். மேகம் மூடின ஊருக்குப் பழகின தோலை, உலகத்துலயே யூவி அதிகமா இறங்குற இடங்கள்ல ஒண்ணுல கொண்டு வந்து வச்சாச்சு. போதாததுக்கு, பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரம், அதாவது அங்க நடுக் கோடைக்காலம். ஜூலையை விட ஏறக்குறைய 7 சதவீதம் அதிக வெளிச்சம். 70 வயசுக்குள்ள மூணுல ரெண்டு ஆஸ்திரேலியருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துடுது.

[திரை: ஆறு கைகள், வெளுப்பிலிருந்து கறுப்பு வரை.]

1975ல தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்ங்கிற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஒரு வகைப்பாடு கொண்டு வந்தார். ஒளி சிகிச்சை கொடுக்கும்போது யாருக்கு எவ்வளவு கதிர் தாங்கும்னு கணிக்கத்தான் அது. இன்னிக்கு இருக்கிற ஆறு வகையில நமக்கு வேண்டியது முதல் ரெண்டு. முதல் வகை, எப்பவும் சிவந்து எரியும், கறுக்கவே கறுக்காது. ரெண்டாவது, சுலபமா எரியும், லேசாக் கறுக்கும்.

இந்த வித்தியாசம் தோலுக்கு நிறம் தர்ற மெலனின்ல இருக்கு. மெலனின்ல ரெண்டு தினுசு. கரும்பழுப்பு நிறமான யூமெலனின் கதிரை நல்லாத் தடுக்கும். செம்மஞ்சளான ஃபியோமெலனின் அவ்வளவாத் தடுக்காது. செம்பட்டை முடிக்காரங்களுக்கு எம்சி1ஆர்ங்கிற மரபணுவுல இருக்கிற மாற்றத்தால, யூமெலனின் செய்யச் சொல்ற சுவிட்ச் சரியா வேலை செய்யாது. அதனால "தினம் கொஞ்ச நேரம் நின்னு பழகிக்கோ, கறுத்துடும்"னு அவங்களுக்குச் சொல்றது வீண். சுவிட்சே இல்லாத பல்புக்கு எத்தனை தடவை கை நீட்டி என்ன பிரயோஜனம்?

கறுக்கிறவங்களுக்கு மட்டும் என்ன லாபம்? செல்லோட டிஎன்ஏ அடிபட்ட பிறகுதான் "மெலனின் அனுப்பு"ன்னு செய்தி போகுது. கடற்கரையில ரெண்டு மணி நேரத்துல தெரியிற பழுப்பு, ஏற்கெனவே இருந்த மெலனின், யூவியில ஒரு வகையான யூவி-ஏ பட்டு நிறம் மாறினது. அதுல பாதுகாப்பு எதுவும் கூடாது. நிஜமான டான், அதாவது புதுசா மெலனின் சேர்ந்து வர்ற கறுப்பு, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வரும். அதோட பாதுகாப்பும் எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் எவ்வளவு தடுக்கும்னு லேபிள்ல போடுற எண்) 3 இல்ல 4 அளவுதான். சுற்றுலா போறதுக்கு முன்னாடி "அடித்தளம் போட்டுக்கிறேன்"னு டான் ஏத்துறவங்க, அந்த 3ஐ வாங்க டிஎன்ஏவைச் செலவழிக்கிறாங்க.

நம்ம வீடுகள்ல "வெயில்ல சுத்திக் கறுத்துப் போயிட்டே"ன்னு திட்டுவாங்க. அங்க அதே கறுப்பு, விடுமுறைக்குப் போய் வந்த பெருமை. ரெண்டு பக்கமும் பேச்சு நிறத்தைப் பத்தியே இருக்கு, தோலைப் பத்தி யாரும் பேசுறதில்லை. டான் ஏத்துற விளக்குப் படுக்கைகளை உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை 2009ல, புகையிலை இருக்கிற, புற்றுநோய் வர வைக்கிறது உறுதின்னு சொல்ற அதே முதல் பட்டியல்ல சேர்த்துச்சு. 2016 ஜனவரிக்குள்ள ஆஸ்திரேலியா முழுக்க அந்தக் கடைகளுக்குத் தடை வந்தாச்சு. நிறம் வேணும்னே இருக்கிறவங்களுக்குக் குப்பியில விக்கிற டான் தேவலை. அதுல இருக்கிற டிஎச்ஏங்கிற ரசாயனம் தோலோட மேல் அடுக்கைப் பழுப்பாக்கும், ஒரு வாரத்துல உதிர்ந்துடும். ஆனா அதைப் பூசிட்டுச் சன்ஸ்கிரீன் வேண்டாம்னு நினைச்சுடக் கூடாது.

[திரை: 1981ஆம் ஆண்டு பிரசாரத்தின் கடற்காகம் போல, சட்டை மாட்டும் ஒரு பறவையின் வரைபடம்.]

1981ல ஆஸ்திரேலியாவுல ஒரு கடற்காகப் பொம்மை டிவியில ஆடிப் பாடுச்சு. ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப். சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தொப்பியைப் போடு. வரிசையைக் கவனிங்க. சட்டைதான் முதல்ல. தடவ மறக்கலாம், வியர்வையில கரையலாம், சட்டை அப்படியேதான் இருக்கும். யுபிஎஃப் (துணி யூவியை எவ்வளவு தடுக்கும்னு சொல்ற எண்) 50+னு போட்ட துணி 2 சதவீதத்துக்கும் குறைவான கதிரைத்தான் உள்ள விடும். மெல்லிசான வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் அந்த அளவுக்கு வராது, நனைஞ்சா இன்னும் மோசம். அதான் அங்க பிள்ளைங்க நீந்தும்போது 'ராஷி'ன்னு சொல்ற முழுக்கை நீச்சல் சட்டை போடுறாங்க. தொப்பிக்கு விளிம்பு சுத்திவர 7.5 சென்டிமீட்டர் வேணும். கிரிக்கெட் கேப் காதையும் பிடரியையும் அப்படியே விட்டுடும்.

இப்ப சன்ஸ்கிரீன். இங்கதான் எல்லாருமே தப்புப் பண்றோம்.

[திரை: மேசை மீது ஏழு டீஸ்பூன்கள், பக்கத்தில் 110 மில்லி டியூப்.]

எஸ்பிஎஃப் 30, தோலைச் சிவக்க வைக்கிற கதிர்ல 3.3 சதவீதத்தை உள்ள விடும். 50ன்னா 2 சதவீதம். ஆய்வகத்துல இந்த எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுறாங்க. வளர்ந்த ஒருத்தரோட தோல் பரப்பு ஏறக்குறைய 18,000 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்க, 36 கிராம்.

அதைச் சமையலறை அளவுல சொன்னா ஏழு டீஸ்பூன். முகம், கழுத்து, காது சேர்த்து ஒண்ணு. கைக்கு ஒண்ணொண்ணு. காலுக்கு ஒண்ணொண்ணு. நெஞ்சும் வயிறும் ஒண்ணு. முதுகு ஒண்ணு. ஒரு தடவை நிஜமாவே டீஸ்பூன்ல எடுத்து முகத்துல பூசிப் பாருங்க. "இவ்வளவா!"ன்னு தோணும். தயிர் கொட்டின மாதிரி வெள்ளையா நிக்கும், தேய்ச்சு உள்ள போக ரெண்டு நிமிஷம் ஆகும். அதுதான் லேபிள்ல போட்ட 50. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுக்கிறவங்களுக்குக் கிடைக்கிறது அதுல பாதிகூட இல்லை.

ஒரு ஆள் கடற்கரையில நாலு மணி நேரம் இருந்தா ரெண்டு தடவை பூசணும். 70 மில்லி போயிடும். நாலு பேர் குடும்பம் வாங்கின ஒரே ஒரு 110 மில்லி டியூப் கோடை முழுக்க வந்துச்சுன்னா, அந்த வீட்டுல யாருமே சரியாப் பூசலைன்னு அர்த்தம்.

வெளிய போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி, காஞ்ச தோல்ல, சட்டை மாட்டுறதுக்கு முன்னாடி பூசுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். "நாலு மணி நேரம் தண்ணி தாங்கும்"னு லேபிள்ல இருக்கும். அது தொட்டியில வச்சுப் பார்த்த சோதனை. துண்டால துடைச்சா அதுவும் சேர்ந்து வந்துடும். அதனால நீந்தித் துடைச்ச உடனே அடுத்த சுற்று.

விட்டுப்போற இடம் எப்பவும் ஒரே மாதிரிதான். காது மேல்விளிம்பு, பிடரி, தலை வகிடு, பாதத்தோட மேல்பக்கம், முழங்காலுக்குப் பின்னாடி. உதட்டுக்குத் தனியா எஸ்பிஎஃப் இருக்கிற லிப் பாம் வேணும். ஸ்பிரே டப்பாவைத் தவிர்க்கிறதே நல்லது. கடற்காத்துல பாதி பக்கத்துத் துண்டுல போய் விழும், உடம்புல எவ்வளவு விழுந்துச்சுன்னு கண்ணுக்கும் தெரியாது. கொசு மருந்தும் பூசணும்னா சன்ஸ்கிரீன் முதல்ல, அது காஞ்ச பிறகு மருந்து. இன்னொண்ணு, வெள்ளைச் சட்டைக் காலர்ல துருப்பிடிச்ச மாதிரி கறை வருதா? சன்ஸ்கிரீன்ல இருக்கிற அவோபென்சோன்ங்கிற ரசாயனம், துவைக்கிற தண்ணியில இருக்கிற இரும்போட சேர்றதால வர்றது அது. பூசிட்டு நல்லாக் காய விட்டுச் சட்டை போட்டா குறையும்.

[திரை: வெயிலில் நிற்கும் கார். டேஷ்போர்டில் ஒரு சன்ஸ்கிரீன் டியூப்.]

இதைப் பார்த்தாலே வயித்தெரிச்சல். ஆஸ்திரேலிய லேபிள்ல 30 டிகிரிக்குக் கீழ வைக்கச் சொல்லியிருக்கும். மூடின கார் அதைச் சீக்கிரமே தாண்டிடும். தண்ணியும் எண்ணெயும் பிரிஞ்சு நிக்கிறதை எத்தனை குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது, தூக்கிப் போடுங்க. ஐஸ் பெட்டியில குளிர்பானத்துக்குப் பக்கத்துல டியூபுக்கும் ஒரு இடம் கொடுங்க.

காருக்குள்ள இருந்தா தப்பிச்சோம்னும் இல்லை. சாதாரணக் கண்ணாடி யூவியோட இன்னொரு வகையான யூவி-பியைத்தான் நிறுத்தும். முன் கண்ணாடி யூவி-ஏவையும் பெரும்பாலும் தடுக்கும், பக்கவாட்டுக் கண்ணாடி நிறைய விட்டுடும். அங்கயும் நம்ம ஊர் மாதிரி வலப்பக்க ஸ்டியரிங். நாள் முழுக்க வண்டி ஓட்டுறவங்க வலது முன்கையை மறக்கக் கூடாது.

2025 ஜூன்ல சாய்ஸ்ங்கிற ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதிச்சப்போ, 16 லேபிள்ல சொன்ன எண்ணை எட்டலை. உடனே "அப்போ எதுக்குப் பூசணும்"னு கேட்கிறவங்களுக்கு நம்பூர்ல நடந்ததைச் சொல்லணும். குயின்ஸ்லாந்துல இருக்கிற சின்ன ஊர் நம்பூர். அங்க 1992லிருந்து 1996 வரைக்கும் 1,621 பேரைச் சீட்டுக் குலுக்கிற மாதிரி பிரிச்சு, ஒரு பகுதியினரைத் தலை, கழுத்து, கைகள்ல தினமும் சன்ஸ்கிரீன் பூச வச்சாங்க. மத்தவங்க இஷ்டப்படி விடப்பட்டாங்க. தினம் பூசினவங்களுக்குத் தோல் புற்றுநோய்ல ஒரு வகையான ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சுது. பத்து வருஷம் கழிச்சும் பார்த்தப்போ, தோல் புற்றுநோய்லயே ஆபத்தான மெலனோமா பாதியா இருந்துச்சு. அவங்களுக்குக் கிடைச்சது எஸ்பிஎஃப் 16 தான்.

[திரை: சிவந்த தோள். கைக்கடிகாரம் வேகமாகச் சுழல்கிறது.]

இவ்வளவுக்கும் பிறகு எரிஞ்சுடுச்சுன்னா? சிவப்பு சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரிய ஆரம்பிக்கும், 12லிருந்து 24 மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். கடற்கரையிலேயே லேசாச் சிவப்புத் தெரிஞ்சா, ராத்திரி படுக்கை விரிப்பு பட்டாலே கத்துவீங்க. அந்த நிமிஷமே நிழலுக்குப் போங்க.

குளிர்ந்த குழாய்த் தண்ணியில நனைச்ச துணியைப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் வைங்க, ஒரு நாளைக்குப் பல தடவை. ஐஸை நேரா வைக்காதீங்க. தோல் ஈரமா இருக்கும்போதே வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். வேசலின் வேண்டாம், சூட்டை உள்ளேயே பிடிச்சு வச்சுக்கும். மரப்புக் களிம்பும் வேண்டாம், சிலருக்கு ஒவ்வாமை வரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரியவங்க இபுப்ரோஃபென் எடுத்துக்கலாம், சீக்கிரம் எடுத்தா வலியும் வீக்கமும் குறையும். தண்ணி நிறையக் குடிங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க, அதை விட நல்ல கட்டு மருந்துக் கடையில கிடைக்காது.

கறுப்பு போகணும்னு எலுமிச்சைச் சாறு தேய்க்கிற நம்ம ஊர்ப் பழக்கம் இங்க ஆபத்து. அந்தச் சாறோட மறுபடி வெயில் பட்டா, எலுமிச்சை வழிஞ்ச தடத்துலயே கொப்புளமும் மாசக்கணக்குல போகாத கறையும் வரும்.

பெரிய பரப்புல கொப்புளம், காய்ச்சல், குளிர், வாந்தி, தலைசுத்தல், குழப்பமான பேச்சு, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போயிடணும். ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைன்னா லேசாச் சிவந்தாலே போகணும்.

மூணாவது நாளுக்கு மேல தோல் உரிய ஆரம்பிக்கும். அது அடிபட்ட செல்கள் தாங்களே செத்து விழுறது. பிடிச்சு இழுக்காதீங்க, தானா விழட்டும். அடியில தெரியிற இளஞ்சிவப்புத் தோல் முன்னைவிடச் சீக்கிரம் எரியும். சில வாரத்துக்கு அந்த இடத்துக்குச் சன்ஸ்கிரீனை நம்பாதீங்க, சட்டையாலயே மூடி வைங்க.